ராஜாக்கண்ணுவின் இடுப்புக் கயிறு

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த நெல்லிவாசல் நாட்டில் ராஜாக்கண்ணு என்று இரண்டு பேர் உண்டு. ஒருவன் ஜீப் ஓட்டுகிறான். இன்னொருவன் மரம் ஏறுகிறான். இது மரம் ஏறுகிறவனின் கதை. ஜீப்காரனைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் அவன் எங்கிருந்தும் விழுந்ததில்லை.

மரம் ஏறுகிறவன் விழுந்திருக்கிறான். நான்கு வருடத்துக்கு முன்னால், பக்கத்துக் கொல்லையில் இருந்த பலா மரத்தில் பழங்களை ஒவ்வொன்றாக வெட்டிக் கயிற்றில் கட்டி இறக்கினான். எல்லாப் பழமும் பத்திரமாகத் தரைக்கு வந்தது. கடைசிப் பழத்தை இறக்கியபிறகு காய்ந்துபோன ஒரு கிளை மேல் கால் வைத்தான். பழத்துக்குக் கயிறு இருந்தது, அவனுக்கு இல்லை. தோள்பட்டை எலும்பு உடைந்து ஆறு வாரம் கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு திரிந்தான். பார்க்கிறவர்களெல்லாம் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "கொஞ்சம் சீக்கிரமா எறங்கிட்டேன்" என்று சொல்லிவைத்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவன் மனைவி பாஞ்சாலி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆறு வாரமும் இரண்டு ஏக்கர் சாமையைத் தனியாளாக அறுத்து, அடித்து, தூற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்.

கை சரியான மறுவாரமே ராஜாக்கண்ணு மறுபடியும் மரம் ஏறினான். அதில் வீரம் எதுவும் இல்லை. மாசியிலும் பங்குனியிலும் ஊரார் மரங்களில் புளி உலுக்குவான். மற்ற மாதங்களில் வீட்டுக் கூரை மேலும் கரண்டு கம்பி மேலும் சாய்ந்த கிளைகளை வெட்டிக் கொடுப்பான். பதினெட்டு வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த வேலை இதுதான். நாற்பது வயதில் வேறு என்ன செய்ய முடியும் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. எழுந்துபோய் ஏறினான்.

போன வருடம் ஜீவானந்தம் என்கிற கான்ட்ராக்டர் கணியம்பாடியிலிருந்து மலைக்கு வந்தார். சாலையோரம் ஆபத்தாக நிற்கும் கிளைகளை வெட்டுகிற வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ராஜாக்கண்ணுவையும், பாஞ்சாலியின் தம்பி சின்னதம்பியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். ராஜாக்கண்ணு மேலே, சின்னதம்பி கீழே. முதல் நாளே ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பைக்குள் அகலமான பெல்ட்டு ஒன்று இருந்தது. இடுப்பில் கட்ட ஒரு பட்டை, தொடைகளைச் சுற்றி இரண்டு பட்டை, இடுப்பின் இரண்டு பக்கமும் இரும்பு வளையம். கூடவே கட்டை விரல் கனத்தில் நான்கு மீட்டர் கயிறு, அதே கனத்தில் ஒரு குட்டைக் கயிறு, அதைவிட மெல்லிய சின்னக் கயிறு ஒன்று, இரண்டு மூன்று கொக்கிகள், மடித்துவைத்த ஒரு படத்தாள்.

"இத்த மாட்டாம யாரும் மரத்துல ஏறக் கூடாது. போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும்" என்றார் ஜீவானந்தம்.

"இத்த எப்படிக் கட்டுறது சார்?"

"அதான் படம் போட்டிருக்குதே. மொதல்ல போட்டோவுக்கு நில்லு, அப்பால பாத்துக்கலாம்."

ராஜாக்கண்ணு பெல்ட்டை மாட்டினான். கயிற்றின் ஒரு முனையை இடது வளையத்தில் கோர்த்து, மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோனான். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாததால் அங்கேயே விட்டுவிட்டான். ஜீவானந்தம் முன்பக்கமிருந்து போட்டோ எடுத்தார். படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பெல்ட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, எப்போதும் போல ஏறி வேலையை முடித்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் போட்டோ சின்னதம்பியின் போனில் பாஞ்சாலியிடம் வந்துவிட்டது. அவள் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கயிறு எங்க போவுது?"

"மரத்துக்குப் பின்னால."

"பின்னால இன்னா கீது?"

ராஜாக்கண்ணு கொஞ்சம் யோசித்தான். "பின்னால ஒண்ணும் இல்ல."

பாஞ்சாலி போனைத் தம்பியிடம் கொடுத்தாள். "பைய எடுத்தா" என்றாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் படத்தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. ஆனால் ஒன்பது படங்கள் இருந்தன. பாஞ்சாலி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மூன்று மாடுகளையும் ஒரு முரட்டுக் கிடாவையும் பதினைந்து வருடமாகக் கட்டி அவிழ்ப்பவள். முடிச்சு விஷயத்தில் வீட்டில் அவள் சொல்வதே முடிவு.

முதல் மூன்று படம் சுலபமாக இருந்தது. பெரிய கயிற்றின் கொக்கி இடது வளையத்தில். கயிறு மரத்தைச் சுற்றி வலது பக்கம் வரவேண்டும். அங்கே மெல்லிய கயிற்றை வளையமாக முடிந்து, பெரிய கயிற்றின் மேல் அட்டைப் பூச்சி போலச் சுற்றி, மீதி நிற்கும் வளையக் காதை வலது வளையத்தில் கொக்கியால் மாட்டவேண்டும். உடம்பின் பாரம் இழுத்தால் அந்த முடிச்சு கவ்விக்கொள்ளும். பாரம் இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும். கயிற்றை நீட்டுவதும் குறுக்குவதும் அந்த ஒரு முடிச்சில்தான்.

ஆறாவது படத்தில் ஒரு மனிதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அவன் செய்த தப்பு என்ன என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. ஐந்தாவது படத்து மனிதனும் அவனும் அண்ணன் தம்பி போல ஒரே மாதிரி இருந்தார்கள். கடைசியில் சின்னதம்பிதான் கவனித்தான். ஐந்தாவது ஆள் கயிற்றின் நுனியில் பெரிய முடிச்சு ஒன்று போட்டிருந்தான். ஆறாவது ஆள் போடவில்லை.

"அதனால இன்னா?" என்றான் ராஜாக்கண்ணு.

"நீட்டிக்கினே போனா நுனி உருவிக்கும். உருவிக்கிச்சுன்னா உன் கயிறு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம்" என்றாள் பாஞ்சாலி. நுனியில் முடிச்சுப் போட்டு, காலால் மிதித்துக்கொண்டு இறுக்கினாள்.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மரத்தில் கால் வைத்து ராஜாக்கண்ணு பின்னால் சாய்ந்தான். மெல்லிய கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அது கவ்வாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவன் ஆட்டுப் புழுக்கை மேல் உட்கார்ந்தான்.

"ரெண்டு பத்தல" என்று பாஞ்சாலி இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி சாய்ந்தான். இந்தமுறை நின்றது. இரண்டு காலையும் மரத்திலிருந்து எடுத்தான். அப்போதும் நின்றது. அவள் முடிச்சைக் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அப்படியே இரு. எம்மாம் நேரம் நிக்குதுன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். அவள் திரும்பி வரும்வரை ராஜாக்கண்ணு வேப்ப மரத்தில் சாய்ந்தபடி இருந்தான். அந்த வழியாகப் போன இரண்டு பேர் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "சும்மா" என்றான்.

அதற்குப் பிறகு கயிறு இல்லாமல் அவன் ஏறவில்லை. முதல் வாரம் கொக்கி எல்லாக் கிளையிலும் மாட்டிக்கொண்டு எரிச்சல் மூட்டியது. இரண்டாவது வாரம் கைக்குப் பழகிவிட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. சுண்டு விரல் கனத்தில் ஒரு நூல், அதில் மூன்றே மூன்று சுற்று. தன் பாரம் அறுபத்தெட்டுக் கிலோ. மூன்று சுற்றே இப்படிக் கவ்வுகிறது என்றால், ஐந்து சுற்று இன்னும் நன்றாகக் கவ்வும் அல்லவா என்று ஒருநாள் நினைத்தான். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

காவலூர் பஸ் நிறுத்தத்தில் நிழற்குடைக்கு மேலே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. அதன் ஒரு பெருங்கிளை கூரைத் தகட்டின் மேல் சாய்ந்து வளர்ந்திருந்தது. அதை வெட்டப் போன அன்றைக்குத்தான் ராஜாக்கண்ணு ஐந்து சுற்றுப் போட்டான். கிளையின் மேல் குதிரையில் உட்கார்வதுபோல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். கிளையைச் சுற்றிப் போட்டிருந்த இடுப்புக் கயிற்றை, கை வீச வசதியாக நன்றாகத் தளர்த்தி விட்டுக்கொண்டான். மேலே ஒரு கிளைக் கவையில் போட்டிருந்த நீளக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு சின்னதம்பி கீழே நின்றான். வெட்டிய கிளைகளைக் கட்டி இறக்குகிற கயிறு அது.

முதலில் ஒரு பக்கக் கிளை. சின்னதுதானே என்று அதைக் கயிற்றில் கட்டவில்லை. ரம்பத்தால் முக்கால்வாசி அறுத்ததும் அது முறிந்தது, ஆனால் கீழே போகவில்லை. பட்டையில் தொங்கியபடி ஊஞ்சல் போலத் திரும்பி வந்து அவன் நெஞ்சில் அடித்துவிட்டு, பிறகுதான் விழுந்தது. ராஜாக்கண்ணு ஒரு பக்கமாகச் சரிந்தான். உருண்டான். கிளைக்கு மேலே இருந்தவன் கிளைக்குக் கீழே போனான். இடுப்புக் கயிறு வெட்டிய கிளையின் அடிக்கட்டையில் சிக்கி நின்றது. ஐந்து சுற்று முடிச்சு கவ்விக்கொண்டது. தரையிலிருந்து இருபதடி உயரத்தில், உட்கார்ந்த நிலையில், மெதுவாகச் சுழன்றுகொண்டு அவன் தொங்கினான். ரம்பம் மணிக்கட்டுக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கீழே பார்த்தான். நேர் கீழே நிழற்குடையின் தகட்டு விளிம்பும், அதற்கு முன்னால் சிமெண்டுப் படியும் இருந்தன. படியை நீண்ட நேரம் பார்த்தான். அதில் யாரோ தங்கள் பெயரை ஈர சிமெண்டில் எழுதிவைத்திருந்தார்கள். இத்தனை வருடமாக அந்தப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து போயும் அதை அவன் கவனித்ததில்லை.

"மாமா, அடி பட்டுச்சா?" என்று சின்னதம்பி கேட்டான்.

"இல்ல."

"அப்ப எறங்கி வா."

"முடியல. முடிச்சு நவுர மாட்டேங்குது."

கையை உயர்த்தினால் கிளை ஒரு சாண் தூரத்தில் நின்றது. கயிற்றைப் பிடித்து எம்பிப் பார்த்தான். இரண்டாவது எம்பலில் பழைய தோள்பட்டை எலும்பு வலித்தது, விட்டுவிட்டான். முடிச்சைக் கையால் தள்ளினான். அது கல்லாகிப் போயிருந்தது.

அப்போது பஸ் வந்தது. கண்டக்டர் ராஜேந்திரன் படியில் நின்றபடி மேலே பார்த்தார்.

"இன்னாப்பா வேலை நடக்குது?"

"கிளை வெட்றோம்" என்றான் சின்னதம்பி.

"அவரு ஏன் தொங்குறாரு?"

"முடிச்சு இறுகிக்கிச்சு."

"எப்ப எறங்குவாரு?"

"தெரியலைங்க."

ராஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்க வேண்டியவர்கள் இறங்கி, போகாமல் நின்றார்கள். ஏற வேண்டியவர்கள் ஏறாமல் நின்றார்கள். மூன்று நிமிடம் பொறுத்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போனது. ஏழு பேர் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று தங்கிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணலாம் என்றார். இன்னொருவர் கயிற்றை அறுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்ததும், அவரே கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாணிக்கம்மாள் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, டீ குடிக்கிறியா?"

ராஜாக்கண்ணு அதைப் பற்றி யோசித்தான். "குடு" என்றான்.

பிளாஸ்டிக் பையில் டீயை ஊற்றி முடிந்து, நீளக் கயிற்றின் மறு நுனியில் கட்டினார்கள். சின்னதம்பி இழுத்து மேலே அனுப்பினான். ராஜாக்கண்ணு பையின் மூலையைக் கடித்து உறிஞ்சினான். கயிறு மட்டும் இல்லாவிட்டால் இந்நேரம் அந்த சிமெண்டுப் படியில் கிடந்திருப்போம் என்பது, தொங்க ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து, டீ பாதி குடித்திருக்கும்போது அவனுக்கு உறைத்தது.

"சக்கரை சரியா கீதா?" என்று கேட்டாள் மாணிக்கம்மாள்.

"சரியா கீது" என்றான். மிச்சத்தையும் உறிஞ்சினான்.

தகவல் கேள்விப்பட்டு ஜீவானந்தம் வண்டியில் வந்து சேர்ந்தார். "பெல்ட்டு போட்டிருக்கானா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சின்னதம்பி மேலே கைகாட்டினான். அவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகுதான் கவலைப்பட ஆரம்பித்தார். ஏணி எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டார். இருபதடி ஏணி அந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லை.

சின்னதம்பி அக்காவுக்குப் போன் போட்டான். மலையில் சிக்னல் வந்து போகும். மூன்றாவது தடவை எடுத்தாள். நடந்ததைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, போனை மரத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தான்.

"அடி கிடி பட்டுச்சா?" என்றாள் பாஞ்சாலி.

"இல்ல" என்றான் ராஜாக்கண்ணு மேலேயிருந்து.

"எத்தினி சுத்து போட்ட?"

கீழே நின்ற ஏழு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"அஞ்சு."

"நாம போட்டது எத்தினி?"

"மூணு."

சிக்னல் போய்விட்டதென்று சின்னதம்பி நினைத்தான். போகவில்லை.

"மாடு கயித்த இழுத்துக்கினு நிக்கும்போது முடிச்ச அவுக்க முடியுமா?" என்றாள் அவள்.

"முடியாது."

"அப்ப இன்னா செய்வோம்?"

"மாட்ட முன்னால தள்ளி, கயித்தத் தொய்ய விட்டு அவுப்போம்."

"இப்ப நீதான்யா மாடு. உன் பாரத்த மொதல்ல எடு. காலுக்கு ஏதாச்சும் குடுத்து எழுந்து நில்லு. அப்பால முடிச்சத் தொடு. தம்பி, அந்த நீளக் கயிறு இன்னும் மேல கீதா?"

"கீதுக்கா."

"உன் பக்கத்து நுனிய வேற மரத்துல கட்டு. கையில புடிச்சிக்கினு நிக்காத, கட்டு."

சின்னதம்பி தன் பக்கத்து நுனியைச் சாலைக்கு அந்தப் பக்கமிருந்த புங்க மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினான். ராஜாக்கண்ணு தன் பக்கம் தொங்கிய கயிற்றை இழுத்து, முழங்கால் உயரத்தில் ஒரு வளையம் முடிந்தான். வலது காலை அதில் நுழைத்து ஊன்றி எழுந்து நின்றான். உடம்பு உயர்ந்தது. பெல்ட்டு தளர்ந்தது. முடிச்சின் முதுகைக் கட்டைவிரலால் நெம்பினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி நெம்பினான். கொஞ்சம் நெகிழ்ந்தது. பிறகு முழுசாக நகர்ந்தது. இடுப்புக் கயிற்றை ஒரு சாண் இழுத்துக் குறுக்கிவிட்டு மெதுவாக உட்கார்ந்தான். இப்போது ஒரு சாண் மேலே இருந்தான். கால் வளையத்தை அவிழ்த்து இன்னும் மேலே முடிந்தான். எழுந்தான், இழுத்தான், உட்கார்ந்தான். நான்காவது தடவை கை கிளையைச் சுற்றி வளைத்தது. ஐந்தாவது தடவை கால் கிளைக்கு மேலே போனது. கிளையின் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை மரப்பட்டையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இறங்கி வந்ததும் ஜீவானந்தம் அவன் முதுகைத் தட்டி, கிளையை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றார். அடுத்த பஸ் வந்தது. தங்கியிருந்த ஏழு பேரும் அதில் ஏறிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலி அவனைத் திண்ணையில் உட்காரவைத்தாள். தொடைகளில் பட்டை அழுத்திய இடத்தில் ரத்தம் கட்டி இரண்டு கருநீலக் கோடுகள் இருந்தன. நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து தேய்த்தாள். வலித்தது. அவன் அசையாமல் இருந்தான். தேய்த்து முடித்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவள், போகாமல் நின்றாள். அவள் முகம் அழுவதற்கு முன்னால் மாறுவதுபோல மாறியது, ஆனால் அழவில்லை.

"அஞ்சு சுத்து போடணும்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பயமா இருந்துச்சு."

இருபத்தைந்து வருடத்தில் பயம் என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையசைத்தாள். அவனுக்குப் பயமாக இருப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை போலிருந்தது. மறுநாள் காலை மூன்று சுற்று அவளே சுற்றிக் கொடுத்தாள். அவன் போய்க் கிளையை வெட்டி, துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து ஜீவானந்தம் நெல்லிவாசல் நாட்டுக்கே வந்தார். அவரிடம் மரம் ஏறுகிறவர்கள் மலைக்குக் கீழே சமவெளியில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களும் பெல்ட்டைப் போட்டோவுக்கு மட்டும்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை, நேரடியாகச் சொல்லாமல், சுற்றி வளைத்துச் சொன்னார். பாஞ்சாலி ஒருநாள் வந்து கட்டிக்காட்ட முடியுமா என்று கேட்டார்.

"வர்றேங்க. ஆனா அவங்க கட்டணும், நான் பாக்கணும். நான் கட்டிக் குடுத்துட்டு வந்தா மறுநாளு யார் கட்டுவா?"

இருவரும் கணியம்பாடிக்குப் போனார்கள். ஜீவானந்தத்தின் வீட்டுப் பின்புறம் மாமரத்தடியில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். அதில் காசி என்கிறவனுக்கு ஐம்பது வயதிருக்கும். பாஞ்சாலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ மரம் ஏறுவியா?" என்று கேட்டான்.

"ஏற மாட்டேன்."

"அப்பறம்?"

"ஏறுறவர் வூட்ல கீறேன்."

காசி கயிற்றை வாங்கிச் சுற்ற ஆரம்பித்தான். ராஜாக்கண்ணுவுக்கு அன்று பேசுகிற வேலை இல்லை. மாமரத்தில் சாய்ந்து நிற்பதுதான் அவன் வேலை. ஆறு பேரும் ஆளுக்கு ஒருமுறை அவன் இடுப்பில் கட்டிப்பார்த்தார்கள். இரண்டு பேர் கட்டியது வழுக்கியது, இரண்டு தடவையும் அவன் தரையில் உட்கார்ந்தான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி சாய்ந்தான். கிளையைத் தாண்டும்போது ஒரு கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் இன்னொன்றை மாட்டிவிடவேண்டும் என்பதை பாஞ்சாலி நான்கு தடவை சொன்னாள். நான்காவது தடவை சொல்லும்போது காசியும் கூடச் சேர்ந்து சொன்னான்.

இந்த மாசியில் ராஜாக்கண்ணு வழக்கம்போலப் புளி உலுக்கினான். அவனும் பாஞ்சாலியும் அதிகாலையிலேயே போய்விடுவார்கள். அவன் தரையிலிருந்து ஒரு முழம் ஏறிக் கயிற்றை மாட்டி, இரண்டு காலையும் எடுத்துவிட்டுத் தொங்குவான். பாஞ்சாலி முடிச்சைத் தொட்டுப் பார்த்து, மனசுக்குள் இருபது எண்ணி, "போ" என்பாள். அவன் போவான். மரத்தின் சொந்தக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களும் கூடச் சேர்ந்து இருபது எண்ணுகிறார்கள். சில பேர் வேகமாக எண்ணிவிடுகிறார்கள், அவள் தன் கணக்கு முடிகிறவரை விடுவதில்லை.

பனி விலகும்போது அவன் உச்சிக்குப் போயிருப்பான். மரம் குலுங்கும். அவள் சேலை முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, உதிர்கிற புளியைக் கூடையில் பொறுக்க ஆரம்பிப்பாள்.